கட்டுக்கு மேல் ஒரு ஷீட்

போன வாரம் ஆர்த்தி போன் செய்தாள். பம்பாய் விக்ரோலியில் நான் வேலை பார்த்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி மேல்தட்டு வைத்த கேஸ் அடுப்பு செய்யும் கம்பெனி. அதில் பேக்கிங் சாமான் வாங்குகிற பிரிவு. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் என் அம்மா வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிப் பிறந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பதென்றால் பஸ் போர்டு அளவுக்குத்தான். கம்பெனியில் ஏதோ விழாவாம். மறுசுழற்சி ஃபோமில் பேக்கிங் செய்ய ஆரம்பித்த கதையையும், சப்ளையர்களோடு கூட்டாளி மாதிரி பழகியதையும் நான் மூன்று பாயிண்ட்டில் சொல்ல வேண்டுமாம். ஸ்லைடில் அதற்கு மேல் இடம் கிடையாதாம்.

வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்பாக இருந்த தலைமுடி வெள்ளையாகும் வரை அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். அதை மூன்று பாயிண்ட்டில் எழுதினால் மூன்றும் பொய்யாகத்தான் இருக்கும். தமிழில் நீளமாக எழுதித் தருகிறேன், உன் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல், ஸ்லைடில் என்ன போடுவது என்று நீயே முடிவு செய்துகொள் என்றேன். சரி என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

“மேடம், ஒரு டவுட். ஃபோம் சப்ளை பண்ற தாராவி மைதீன் பாய் இருக்காரில்ல, அவரோட ஸ்கோர் டவுன் ஆயிட்டே போகுது. குவாலிட்டில ஃபுல் மார்க். ஆனா எவ்ரி டைம் ஒவ்வொரு கட்டுலயும் ஒரு ஷீட் எக்ஸ்ட்ரா அனுப்புறாரு. போர்ட்டல் அதை மிஸ்டேக்னு எடுத்துக்குது. இன்னும் ஒரு தடவை இப்படி வந்தா சிஸ்டமே அவரை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடும். நீங்க அவர்கிட்ட சொன்னா கேப்பாரா?”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. சப்ளையர்களுக்கு மார்க் போடுகிற கம்ப்யூட்டர் போர்ட்டல் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அதற்கு முகம் இல்லை. எழுதுகிறேன், அதில் இதற்கும் பதில் இருக்கும், அதுவரை அவரிடம் எதுவும் பேசாதே என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் இசக்கியம்மாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் ‘இசக்கி’ என்று பாதியில் வெட்டிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் பர்ச்சேஸில் ஒரு ஜப்பான்காரி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்து ஏமாந்து போவார்கள். டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போனது, நான் போகவில்லை. ஃபைல் எடுத்துக் கொடுத்து, போன் எடுத்து, கொட்டேஷன் ஒப்பிட்டு, ராத்திரிக் கல்லூரியில் ஒரு டிப்ளமோ வாங்கி, கடைசியில் சப்ளையர்களைத் தேடிப் பிடிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். இதற்குப் பல வருஷம் ஆனது. அதில் சுவாரசியமாக எதுவும் இல்லை, ஏ.சி. அறை மட்டும் நன்றாக இருந்தது.

சுவாரசியம் சுந்தரேசன் சார் மேனேஜராக வந்த பிறகுதான் தொடங்கியது. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு பை, பைக்குள் கண்ணாடிக் குடுவை வைத்த பழைய ஃபிளாஸ்க், அதில் வீட்டுக் காபி. அந்த ஃபிளாஸ்க்கைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வார். ரயிலில் கூட்டம் நெருக்கினால் தன் விலா எலும்பைக் கொடுத்தாவது அதைக் காப்பாற்றுவார். 

அவரோடு முதன்முதலாக சாக்கிநாக்கா பக்கம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போனது நினைவிருக்கிறது. வாசலில் பூங்கொத்து, மேஜையில் சமோசா, சுவரில் சான்றிதழ்கள். முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு வரவேற்றார். சார் கோட்டையும் பார்க்கவில்லை, சமோசாவையும் பார்க்கவில்லை. உங்கள் குப்பை எங்கே கொட்டியிருக்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். முதலாளிக்குப் புரியவில்லை. சார் தானே பின்பக்கம் நடந்துபோய், குப்பைக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு துண்டாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்த எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பி வரும்போது சொன்னார். “சரக்கை எல்லாரும் அலங்காரம் பண்ணிக் காட்டுவா, இசக்கி. குப்பைக்கு யாரும் பொட்டு வைக்கறதில்லை. அதுதான் உள்ளதைச் சொல்லும்.”

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. அதைக் கண்டு பம்பாய் முழுக்க சப்ளையர்கள் நடுங்கினார்கள். ஆர்டர் இருக்கும் இடத்தில் அவர் டீ குடிக்க மாட்டார், தண்ணீர்கூடத் தன் பையிலிருந்துதான். ஆனால் ஒரு சப்ளையரை லிஸ்ட்டிலிருந்து எடுக்க முடிவு செய்துவிட்டால், அவர் இடத்துக்கே போய், எதிரில் உட்கார்ந்து, அவர் கொடுக்கிற டீயை நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் சொல்வார். இனி நமக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை, அதனால் உன் டீயைக் குடிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஸ்க்ரூவின் அளவைச் சொல்லாமல் மாற்றிய ஒருவரிடம் அவர் இப்படி டீ குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அழவில்லை, பிஸ்கட் தட்டை மட்டும் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தார். 

சொல்லாமல் அளவை மாற்றினால் மன்னிப்பு கிடையாது என்பது சார் வருவதற்கு முன்பிருந்தே கம்பெனியில் இருந்த விதி. அளவு குறித்துக் கொடுத்த டிராயிங்கில் உள்ளதுதான் வர வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது.

தெர்மாகோலுக்குக் கெட்ட காலம் வந்தபோதுதான் நாங்கள் ஃபோமுக்குப் போனோம். அடுப்பு வாங்குகிறவர்கள் தெர்மாகோலைத் திட்டினார்கள், அரசாங்கம் முறைத்தது, மழையில் சாக்கடை அடைத்தால் டி.வி.யில் முதலில் அதைத்தான் காட்டினார்கள். புது ஃபோமும் பிளாஸ்டிக்தான், அதற்கும் திட்டு வரும் என்று மேலிடத்தில் யாரோ படித்துவிட்டு வந்தார்கள். பழைய ஃபோமையே திரும்ப உருக்கிச் செய்தால் என்ன, அப்படிச் செய்கிற சப்ளையரைத் தேடு என்று எனக்கு உத்தரவு. 

நான் பெரிய பெரிய தொழிற்பேட்டைகளில் தேடினேன். கடைசியில் ஆள் கிடைத்தது தாராவியில், நான் பிறந்த சந்திலிருந்து நடந்து போகிற தூரத்தில். மைதீன் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய வாப்பா தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்தவர். இவர் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை நடத்தினார். பைக்குள் வைக்கிற ஃபோமில் மிஞ்சிய துண்டுகளைத் தூக்கி எறிய மனம் வராமல், துண்டு துண்டாக்கிச் சூடேற்றி அமுக்கிப் பலகையாக்கிப் பார்த்திருக்கிறார். டி.வி., ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வந்து குப்பைக்குப் போகிற ஃபோமையும் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் கலந்து, பார்ப்பதற்குப் பாலில் ஜவ்வரிசி மிதக்கிற மாதிரி ஒரு பலகை.

அச்சிலிருந்து வெளியே வரும்போது அந்தப் பலகைக்கு மேலும் கீழும் ஒரு மொரமொரப்பான தோல் இருக்கும், ரொட்டிக்கு ஓரம் இருக்கிற மாதிரி. அந்தத் தோலைச் சீவி எடுத்தால்தான் உள்ளே மெத்தென்ற பாகம் கிடைக்கும். சீவிய பிறகு இருபத்தைந்து மில்லிமீட்டர் கனம். அதுதான் எங்கள் டிராயிங். சீவிய தோல் கெட்டியாக இருப்பதால் திரும்ப உருக்க உதவாது, மூட்டை மூட்டையாகக் குப்பைக்குத்தான் போகும்.

சாம்பிள் பார்க்க சார் வந்தார். பாய் காட்டியதை எல்லாம் விட்டுவிட்டுத் தோல் மூட்டைக்கு முன்னால் குந்தினார். ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே சீராக இருந்தது. எழுந்தார். பாய் டீ நீட்டினார், சார் வேண்டாம் என்று கையை அசைத்தார். பாயின் முகம் சுருங்கிவிட்டது. சந்துமுனைக்கு வந்ததும் நான் திரும்ப ஓடிப்போய், பாய், டீ குடிக்கவில்லை என்றால் நல்லது, சந்தோஷப்படுங்கள் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. என்ன மனுசன்க்கா இவரு என்றார். ஆபீஸ்காரர்கள் முன்னால் என்னை மேடம் என்பவர், சந்துக்குள் வந்துவிட்டால் அக்கா என்பார். 

பிறகு டிராப் டெஸ்ட். அடுப்பைப் பெட்டியில் வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். முதலில் ஒரு மூலை தரையில் படும்படி. அடுத்து அந்த மூலையில் சேர்கிற விளிம்புகள் ஒவ்வொன்றாக. கடைசியில் ஆறு பக்கமும். ஒவ்வொரு தடவையும் சார் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் எல்லோரும் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம், அவர் மட்டும் சுவரைப் பார்த்துக் காதைக் கொடுப்பார். இந்த வகைக் கண்ணாடி உடைந்தால் விரிசல் விடாது, மொத்தமாகப் பொடிப்பொடியாகி, முறத்தில் பொரி கொட்டுகிற சத்தம் வரும். அந்த நாள் பொரி கொட்டவில்லை. பாஸ்.

ஆர்டர் கைக்கு வந்ததும் மைதீன் பாய் தையல் மிஷின்களை எல்லாம் விற்றுவிட்டு, பெரிய அச்சு மிஷின் வாங்கிப் போட்டார். பை தைத்துக்கொண்டிருந்தவர்களையே ஃபோம் வெட்டப் பழக்கினார். கொஞ்சம் பொறுங்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ரெண்டு தோணியில கால் வைக்கச் சொல்லுதீங்களாக்கா என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டறை முழுக்க எங்கள் ஒரு கம்பெனியை நம்பி நின்றது. அது எனக்கு உறுத்திக்கொண்டேயிருந்தது.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகப் போனது. சப்ளையர்களை அழைத்துக் கம்பெனி ஒரு கூட்டம் போட்டது. தொப்பி, பேனா, மதியச் சாப்பாடு. திரையில் பெரிய எழுத்தில் கழிவே வேண்டாம், எதையும் வீணாக்காதீர்கள் என்று காட்டினார்கள். எல்லோரும் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது மைதீன் பாய் மட்டும் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை நான் அன்றைக்கே கவனித்திருந்தால் பிறகு நடந்த கூத்து நடந்திருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் உடைசல் வர ஆரம்பித்தது. நாக்பூர் பக்கத்திலிருந்து ஒரு டீலர், பெட்டியைத் திறந்தால் அடுப்புக்குப் பதில் கற்கண்டு இருக்கிறது என்று போட்டோ அனுப்பினார். பிறகு இன்னொருவர், பிறகு வரிசையாக. சேல்ஸ்காரர்களுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பழைய குப்பையை உருக்கிச் செய்த பஞ்சில் புதுக் கண்ணாடியை வைத்தால் வேறென்ன ஆகும் என்றார்கள். மாதக் கடைசிக்குள் புது ஃபோமுக்கு மாறிவிடுவது என்று மீட்டிங்கில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தொப்பியும் பேனாவும் கொடுத்தவர்களே கழிவாவது ஒன்றாவது என்று பேசினார்கள்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் சார் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். “குப்பையைப் பாத்தியோ?” 

இல்லை என்றேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு, என்னை அங்கே பார்க்காதவர் மாதிரி திரும்பிக்கொண்டார். 

முதலில் எங்கள் பேக்கிங் வரிசைக்குப் போனேன். பெட்டி மூடுகிற பெண் மூடியின் மேல் முழங்காலை வைத்து அமுக்கிக்கொண்டு டேப் ஒட்டினாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாகப் பெட்டி அடங்க மாட்டேன் என்கிறது மேடம், சண்டை போட்டுத்தான் மூட வேண்டியிருக்கிறது என்றாள். சரக்கை அளந்து எடுக்கிற இன்ஸ்பெக்டரிடம் போனேன். எல்லாம் இருபத்தைந்து மில்லிதான் என்று சத்தியம் செய்தார். அளந்து காட்டுங்கள் என்றேன். அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் ஃபோமை வைத்து, இருபத்தைந்து வருகிற வரை அமுக்கி, பாருங்கள் இருபத்தைந்து என்றார். ஃபோம் நல்ல பண்புள்ள பொருள், அமுக்கினால் எந்த அளவுக்கும் வந்துவிடும். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. கிளம்பி தாராவிக்குப் போனேன். 

பாயிடம் சொல்லாமல் பட்டறையின் பின்பக்கம் வழியாக நுழைந்து, சார் மாதிரியே குந்தினேன். முழங்கால் மளுக்கென்றது. குவியலில் வெட்டு ஓரங்கள் இருந்தன, மூலைத் துண்டுகள் இருந்தன. தோல் ஒன்றுகூட இல்லை. முன்பெல்லாம் மூட்டையாகக் கிடந்தது எங்கே போயிற்று என்று குவியலைக் கிளறினேன். பாய் வந்து நின்றார். 

“தோல் எங்க பாய்?” 

அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. “உள்ளேயே இருக்குக்கா. சீவுறதை நிறுத்திட்டேன். கண்ணாடிச் சாமான், நம்ம ஃபோமு பழசுன்னு ஏற்கெனவே எல்லாவனும் பேசுதான். ஒரு தோலு கூட இருந்தா அதுக்கும் ஒரு காவல்தானே. கழிவும் இல்ல. நான் இதுக்கு ஒரு பைசா கூடக் கேக்கலியே.” 

அவரே தொடர்ந்தார். 

“எங்க வாப்பா கடையில தராசு நின்ன பொறவும் ஒரு கை அள்ளிப் போடுவாவ. அளந்து குடுக்குறது வியாபாரம், அதுக்கு மேல போடுற கொசுறுதான் நாமன்னு சொல்லுவாவ. சாம்பிளுக்கு அளந்துதான் குடுத்தேன். நீங்க நம்ம ஆளான பொறவு எப்படிக்கா அளந்து குடுக்க?” 

காய்கறி வாங்கினால் கறிவேப்பிலைக் கொத்து வாங்காமல் நகராத குடும்பத்தில் பிறந்தவள் நான். இந்த மனிதர் ஃபோமில் கொசுறு போட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எங்கள் சேல்ஸ்காரர்களுக்கு ஏழு ஜென்மத்துக்கும் புரியாது. அந்தக் கெட்டித் தோல் கண்ணாடியின் விளிம்பில் போய் முட்டுகிறது. இந்தக் கண்ணாடிக்குப் பலவீனமே விளிம்புதான். கனம் கூடியதால் மெத்தென்ற பாகம் பெட்டிக்குள்ளேயே நசுங்கிவிடுகிறது. பெட்டி கீழே விழும்போது இன்னும் நசுங்கிக் கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் காவலுக்கு வைத்ததுதான் உடைக்கிறது. 

அதை எப்படி அவரிடம் சொல்வது? சொல்லவில்லை. நாளைக்கு விக்ரோலிக்கு வாருங்கள், சீவியது ஒரு செட், சீவாதது ஒரு செட் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பழைய ஃபோம் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், அவர் சொல்லாமல் அளவை மாற்றியதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால் விதி அவரைத் தூக்கிவிடும். விற்ற தையல் மிஷின்கள் திரும்பி வராது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அன்றைக்கு நின்றுகொண்டே போனேன். 

சாரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும், “கொசுறா?” என்றார். ஆமாம் சார் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 

மறுநாள் இரண்டு பெட்டி தயாரானது. போடுகிற வேலையை சார் மைதீன் பாயிடமே கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சீவிய ஃபோம் வைத்த பெட்டியைப் பாய் மூலை, விளிம்பு, பக்கம் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். சத்தமில்லை. அடுத்து தன் கொசுறு வைத்த பெட்டியைத் தூக்கினார். அதைத் தூக்கும்போது அவர் முகத்தில் தைரியம்தான் இருந்தது, இது இன்னும் நன்றாகத் தாங்கும் என்ற தைரியம். முதல் மூலையிலேயே பொரி கொட்டியது. 

பாய் குனிந்து பெட்டியைத் திறக்கவில்லை. அப்படியே நின்றார். நான் போட்ட கொசுறா உடைச்சுது என்று மெல்லக் கேட்டார். 

சார் திரும்பினார். “பாய், உங்க பட்டறைக்குப் போவோம்.” 

அந்த வாக்கியத்தின் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். டீ குடிக்கப் போகிறார். விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் பிடித்து சயானில் இறங்கி தாராவிக்குள் நடந்தோம். ரயிலில் சார் வழக்கம்போல ஃபிளாஸ்க்குக்காகக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார். 

பட்டறையில், எங்களைப் பார்த்ததும் பாயின் தம்பி பழக்க தோஷத்தில் டீ சொல்லிவிட்டார். டீ வந்ததும்தான் பாய்க்கு உறைத்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார், கொன்றுவிடுகிற பார்வை. ஆனால் வந்த டீயைத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் மரியாதை? கிளாஸ் சாரின் கைக்குப் போய்விட்டது. சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். 

கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கம் போய்க் குந்தினார். விக்ரோலிக்குக் கொண்டுவந்த செட்டுக்காகக் காலையில் சீவிய தோல் அங்கே சுருண்டு கிடந்தது. ஒன்றை எடுத்தார். மடக்கினார். இழுத்தார். அது கிழியவில்லை. டீயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நானும் பாயும் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேறெந்த டீயையும் நான் என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. 

சார் கிளாஸைத் தரையில் ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். தோலை அதைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினார். தட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. 

“அடுப்போட மேல வைக்கற இரும்புத் தாங்கி இருக்கே, பர்னர் மேலே பாத்திரம் வைக்கறோமே, அதை இப்போ எதுல சுத்தறோம்?” என்று என்னைக் கேட்டார். 

பிளாஸ்டிக் பையில் என்றேன். 

“இதுல சுத்து. கண்ணாடி மேலயும் கீறல் விழாது, பிளாஸ்டிக்கும் மிச்சம்.” பாயின் பக்கம் திரும்பினார். “பாய், கொசுறு போடறது தப்பில்லை. கறிவேப்பிலையைத் தராசுத் தட்டுக்குள்ளே போட்டா எடை கெட்டுடும், பைக்குள்ளே தனியா போடணும். இனிமே தோலைச் சீவித் தனியா குடுங்கோ. நடந்ததை நான் மேலே எழுதிக் குடுத்துடறேன். லிஸ்ட்லேர்ந்து எடுக்கறதுக்குப் பதிலா எழுத்துல எச்சரிக்கை ஒண்ணு வரும், வாங்கிக்கோங்கோ. அடுத்த தடவை என்கிட்ட கேக்காம ஒரு மில்லி மாத்தினா வந்து டீ குடிச்சுடுவேன்.” 

கிளம்பினார். டீ அப்படியே ஆறி ஏடு படிந்து கிடந்தது. பாய் அந்தக் கிளாஸைக் கையில் எடுத்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகத்தோடு நின்றார். பிறகு அதைத் தானே குடித்துவிட்டார். 

விதியை வளைத்துவிட்டார் என்று மேலே சிலர் முணுமுணுத்தார்கள். சார் அதே மாதிரி இன்னும் இரண்டு பெட்டிகளை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டினார். உடைசல் நின்றது, முணுமுணுப்பும் நின்றது. 

தோலுக்கு டிராயிங் போட வேண்டுமே. பாகத்தின் பெயர் என்ன என்று வரைகிறவர் கேட்டதற்கு, ‘கொசுறு’ என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார் சார். அந்த மராத்திக்காரர் அது ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்து பயபக்தியோடு அப்படியே வரைந்துவிட்டார். பர்ச்சேஸ் ஆர்டரை நானே கொண்டுபோய் மைதீன் பாயிடம் படித்துக் காட்டினேன். பெயரைக் கேட்டதும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார், வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு ஏதோ சந்தேகம் வந்து என்னிடம் திரும்பினார். 

“இதுக்கு ரேட்டு போட்டிருக்காங்களாக்கா?” 

“போட்டிருக்கு பாய். ரேட்டு இல்லாம சிஸ்டம் எடுக்காது.” 

அவர் சந்தோஷம் அப்படியே இறங்கிவிட்டது. 

“ரேட்டு போட்டா அது கொசுறு இல்லியே.” 

அடுத்த லோடு வந்தபோது ஒவ்வொரு ஃபோம் கட்டின் மேலும் கணக்கில் இல்லாத ஒரு ஷீட் கூடுதலாக இருந்தது. கம்பெனி கேட்டில் சரக்கை எண்ணுகிறவர், ‘ஒன்று அதிகம்’ என்று எழுதி எடுத்துக்கொண்டு சாரிடம் வந்தார். ஒரு ஸ்க்ரூ கூடுதலாக வந்தாலும் திருப்பி அனுப்புகிற மனிதர், அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். 

“மேல இருக்கறதை எண்ண வேண்டாம்,” என்றார் கேட்காரரிடம். 

அன்றிலிருந்து யாரும் எண்ணவில்லை. அந்த மேல் ஷீட்டை எங்கள் பேக்கிங் பெண்கள் உட்காருவதற்கு எடுத்துக்கொண்டார்கள். சார் ரிடையர் ஆன மறுநாள், காலையில் குளித்து, அதே அரைக்கைச் சட்டையோடு தாராவிக்குப் போயிருக்கிறார். பாய் பதறிப்போய், என்ன தப்பு செய்தேன் சார் என்று கேட்டாராம். ஒரு தப்பும் இல்லை, இனிமேல் உனக்கும் எனக்கும் ஆர்டர் இல்லை, டீ கொண்டு வா என்று உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு கிளாஸ் குடித்தார் என்று பாய் சொன்னார். நான் ரிடையர் ஆனபோது எனக்கும் அதே மரியாதை கிடைத்தது, கூடவே வெண்ணெய் தடவிய பன் மஸ்கா. இப்போது நான் இருக்கிற திலக் நகரிலிருந்து மாதம் ஒரு தடவையாவது போய்விடுகிறேன்.

ஆர்த்தி, உன் அம்மா இதுவரை படித்திருந்தால் இனி வருவது உனக்கு. மைதீன் பாயிடம் அந்த ஷீட்டை நிறுத்தச் சொல்லி நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நிறுத்துவார், அவர் நிறுத்திவிடுவாரே என்பதுதான் எனக்கு பயம். உன் போர்ட்டலில் அந்த ஃபோமை இத்தனை ஷீட் என்று எண்ணிக்கையில் கேட்கிறீர்கள் அல்லவா? அதைக் கட்டுக் கணக்கில் மாற்று. இத்தனை கட்டு வேண்டும் என்று கேள், அத்தனை கட்டு வரும். ஒரு கட்டில் எத்தனை என்று போர்ட்டல் கேட்டால், இதைவிடக் குறையக் கூடாது என்று மட்டும் போடு. மேலே எவ்வளவு இருந்தாலும் அதற்கு மார்க் குறைக்கத் தெரியாது. எண்ணிக்கையிலேயே வைக்க வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால் அவர்களை என்னிடம் அனுப்பு, தோழமை, கூட்டாளித்தனம் என்று ஸ்லைடு போடுகிறவர்களிடம் எனக்கும் பேச இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மைதீன் பாய் பட்டறைக்கு வந்ததும் நீயும் நானுமாக அங்கே போவோம். பழைய சேலையோ, இல்லை நீ போடுகிற அந்த ஜீன்ஸிலேயே பழையதோ போட்டுக்கொண்டு வா, பின்பக்கம் போய்க் குந்த வேண்டியிருக்கும். பிறகு டீ வரும். உனக்கு எவ்வளவு தாகமாக இருந்தாலும் சரி, அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி, நீ வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் கிளாஸையும் நானே குடித்துக்கொள்கிறேன்.